கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் புதுசா குடி வர்றீங்களா? மருந்து, பாம்பு, காளான், கரிப்புகைனு மாசத்துக்கு ஒண்ணு வரும், முன்கூட்டியே பண்ண வேண்டியது

நாங்க திருச்சியில இருந்து கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு வந்து ரெண்டு வருஷம் ஆச்சு. என் வீட்டுக்காரருக்கு சிப்காட்ல வேல, டவுனுக்குள்ள வாடகை கட்டுப்படியாகல, அதனால மாந்தோப்பு ஓரமா காத்தோட்டமா ஒரு வீடு பாத்து வந்தோம். வந்த முதல் தை மாசமே என் பொண்ணு, அப்ப அஞ்சு வயசு, தொட்டி பக்கத்துல இருந்த செவன்அப் பாட்டில்ல ஒரு வாய் குடிச்சிட்டா. அது ஜூஸ் இல்ல, மாம்பூவுக்கு அடிச்சது போக மிச்சம் இருந்த மருந்து.

அன்னைக்கு நாங்க பண்ணுன தப்ப எண்ணுனா ஒரு கை பத்தாது. பக்கத்து வீட்டு பாட்டி "ஒண்ணும் ஆவாது கண்ணு, உப்புத்தண்ணி குடு, வாந்தி எடுத்தா சரியாப் பூடும்"னு சொன்னாங்க, குடுத்தேன். கிட்ட இருக்குதேனு ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு ஓடினோம், அங்க டிரிப்ஸ் போட்டு மூணு மணி நேரம் படுக்க வச்சிட்டு அப்புறமா "பெரியாஸ்பத்திரிக்கு போயிடுங்க"னாங்க, பில்லு 6,200 ரூபா. பெரியாஸ்பத்திரியில டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி "என்ன மருந்து, டப்பா எங்க?" எங்ககிட்ட டப்பா இல்ல. என் வீட்டுக்காரர் பைக் எடுத்துட்டு திரும்ப வீட்டுக்கு போயி, ஓனர் தாத்தாவோட மாட்டுக்கொட்டாய்ல தேடி காலி டப்பாவ கண்டுபுடிச்சு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்பினாரு. டாக்டரம்மா அதுல பெரிய எழுத்த பாக்கவே இல்ல, "கம்பெனி வச்ச பேரு வேணாம்மா, கீழ பொடி எழுத்துல இருக்கும் பாரு, அத பெருசாக்கி காட்டு"ன்னாங்க. அதுதான் மருந்தோட உண்மையான பேரு, அத வச்சுத்தான் வைத்தியம். மூணு நாள் வார்டு, மணிக்கு ஒருதரம் டார்ச் அடிச்சு கண்ணு பாப்பா சுருங்குதானு பாத்துக்கிட்டே இருந்தாங்க. இப்ப நல்லாருக்கா.

நீங்க இதுல மாட்டக்கூடாதுனுதான் எழுதறேன். மாசம் வாரியா சொல்றேன், ஆனா அதுக்கு முன்னாடி வீட்டு வேல கொஞ்சம் இருக்கு.

1. அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி வீட்ட சுத்தி ஒரு நடை நடங்க

எல்லாரும் தண்ணி வருதா, கரண்ட் மீட்டர் தனியானு கேப்பாங்க, நானும் அதத்தான் கேட்டேன். இதையும் பாருங்க:

பாத்ரூமுக்குள்ள கேஸ் கீசர் மாட்டியிருக்கா? இருந்தா அத வெளிய மாத்தித் தந்தாத்தான் வருவேன்னு பேசுங்க, ஏன்னு கார்த்திகை மார்கழி பத்தி சொல்லும்போது சொல்றேன். செவுத்த ஒட்டி வெறகு, ஓடு, செங்கல், வைக்கப்போர் குமிஞ்சிருக்கா? அது எலிக்கு வீடு, எலி இருந்தா பின்னாடியே பாம்பு வரும். மேல் டேங்குக்கு மூடி இருக்கா? தோப்பு ஓரத்துல இருந்தா மூடி இல்லாத டேங்க் வேணவே வேணாம். ஓனர் மருந்து, உரம் எங்க வைக்கறாரு? இத கேக்க சங்கடமாத்தான் இருக்கும், "பாப்பா இருக்கா தாத்தா, அதான்"னு சொல்லி கேளுங்க, யாரும் கோவிக்க மாட்டாங்க.

2. முதல் வாரம்: பாட்டில் வேட்டை

நம்மூர்ல எல்லா மருந்தும் கூல்டிரிங்க்ஸ் பாட்டில்லதான் இருக்கும். அரை லிட்டர் மருந்த ரெண்டு பேரு பங்கு போட்டுக்கும்போது பாட்டில்ல ஊத்தி எடுத்துட்டு போவாங்க. மண்ணெண்ணெய், தின்னர், பாத்ரூம் ஆசிட் எல்லாம் இதே கதைதான். குழந்தைக்கு பச்ச பாட்டில்னா செவன்அப், அவ்ளோதான் தெரியும்.

வீட்டுல, தாழ்வாரத்துல, மோட்டார் ரூம்ல, கொட்டாய்ல எங்கெல்லாம் பாட்டில் இருக்கோ எல்லாத்தையும் ஒரு நாள் உக்காந்து பாருங்க. என்னனு தெரியாதது எதையும் மோந்து பாக்காதீங்க, வாய்க்கால்ல கிணத்துல ஊத்தாதீங்க, ஓனர்கிட்ட ஒப்படைங்க. பழைய தகரப் பெட்டி ஒண்ணு பூட்டோட எனக்கு 900 ரூபாய்க்கு கெடச்சிச்சு, அத தாத்தாகிட்டயே குடுத்துட்டேன், மருந்தெல்லாம் அதுலதான் இருக்கு இப்ப.

பூச்சி மருந்து டப்பாவுல சதுரத்த சாச்சு வச்ச மாதிரி ஒரு குறி இருக்கும், அதோட கீழ்ப்பாதி என்ன கலர்னு பாருங்க. செவப்புனா கடும் விஷம், அப்புறம் மஞ்சள், நீலம், பச்சைனு கொறஞ்சுக்கிட்டே வரும். பச்சைனா குடிக்கலாம்னு அர்த்தம் இல்ல, அதையும் சொல்லிடறேன். காலி டப்பாவ கழுவி அரிசி அளக்க, தண்ணி மொள்ள வச்சிருக்கற வீட்டையும் பாத்திருக்கேன், எவ்ளோ கழுவுனாலும் அது ஆகாது, ஓட்ட போட்டு ஒதுக்கிடணும்.

எலிக்கு வைக்கற மஞ்சள் பாஸ்பரஸ் பேஸ்ட் தமிழ்நாட்டுல தடை பண்ணியாச்சு, ஆனாலும் பழைய டியூப் பரண்ல கிடக்கலாம். தக்காளித் துண்டுல, தேங்காச் சில்லுல தடவி வைப்பாங்க, குழந்தை எடுத்து தின்னுடும். இதுல பெரிய ஏமாத்து என்னன்னா முதல் நாள் கொஞ்சம் வாந்தியோட நின்னுடும், ரெண்டாம் நாள் புள்ள ஓடி வெளாடும், அதுக்கப்புறம்தான் ஈரல் பாதிச்சு மஞ்சக்காமாலை மாதிரி வரும். நல்லாத்தானே இருக்குனு வீட்டுக்கு கூட்டிட்டு போயிடாதீங்க.

3. ஒரு பை, ஒரு தாள்

கதவுக்கு பின்னாடி ஒரு தாள் ஒட்டுங்க. ஆம்புலன்ஸ் 108. கேஸ் கசிவுக்கு 1906. பாம்பு வீட்டுக்குள்ள வந்துட்டா தீயணைப்பு 101. விஷம் சம்பந்தமா டாக்டர்கிட்டயே கேக்கணும்னா டெல்லி எய்ம்ஸ்ல விஷத் தகவல் மையம் இருக்கு, 1800 116 117, காசு இல்ல. அதுக்கு கீழ உங்க வீட்டுக்கு வழி எழுதுங்க, எந்த பஸ் ஸ்டாப், எந்த கோயில் பக்கம் திரும்பணும்னு. பதட்டத்துல சொந்த வீட்டுக்கே வழி சொல்ல வராது, எனக்கு வரல.

பையில ஆதார் ஜெராக்ஸ், ரேஷன் கார்டு ஜெராக்ஸ், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, ஒரு டார்ச், 2,000 ரூபா சில்லறையா. காப்பீட்டு அட்டை இல்லாதவங்க இப்பவே எடுத்துடுங்க. வருஷ வருமானம் 1,20,000 ரூபாய்க்குள்ள இருக்கணும், விஏஓ வழியா வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாரோட கலெக்டர் ஆபீஸ்ல இருக்கற காப்பீட்டு கவுண்டருக்கு குடும்பத்தோட போகணும். குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும் கவர் ஆகும். வருமானச் சான்று எனக்கு எட்டு நாள் ஆச்சு, வெளியூர் ரேஷன் கார்ட இந்த விலாசத்துக்கு மாத்தாம போனா அங்கயே ஒரு தடவ திருப்பி அனுப்புவாங்க, அத முதல்ல முடிங்க. இன்னொரு குழப்பம், "நம்மைக் காக்கும் 48"னு ஒரு திட்டம் சொல்றாங்களே அது ரோடு ஆக்சிடென்டுக்கு மட்டும், விஷத்துக்கு கெடையாது. ஆனா அரசு ஆஸ்பத்திரியில விஷ வைத்தியத்துக்கு எப்படியும் காசு இல்ல, அட்ட இல்லேனு யாரும் போகாம இருக்காதீங்க.

4. மாசம் மாசமா என்ன வரும்

*தை, மாசி: மாம்பூ.* தோப்புல தத்துப்பூச்சிக்கு மருந்து அடிக்கற நேரம். பவர் ஸ்பிரேயர் சத்தம் கேட்டா ஜன்னல சாத்துங்க, கொடியில காயற துணிய எடுங்க, குழந்தைங்கள உள்ள கூப்பிடுங்க. அடிச்ச அன்னைக்கு தோப்புக்குள்ள வெளாட போகக்கூடாது. அடிக்கறவங்க வீட்டுல இருந்தா, லுங்கிய மட்டும் கட்டிட்டு எதிர்காத்துல அடிக்கறது, அடிச்ச கையோட பீடி பத்த வைக்கறது இதையெல்லாம் நிறுத்தச் சொல்லுங்க, மருந்து தோல் வழியாவும் உள்ள போகும். முழுக்கை சட்ட, மாஸ்க், கையுறை, முடிச்சதும் சோப்பு போட்டு குளியல், அந்த துணிய தனியா தொவைக்கணும். தலைவலி, எச்சில் ஊத்தறது, வேர்த்துக் கொட்டறது, கண்ணு மங்கறது இருந்தா வெயில்னு நெனைக்காதீங்க.

இதே மாசங்கள்ல தர்மபுரி பக்கம் மரவள்ளி வெட்டுவாங்க. பச்சையா கடிக்க விடாதீங்க, அதுல சயனைடு இருக்கு, கசக்கற கிழங்குல ஜாஸ்தி. தோல் சீவி, தண்ணி நெறைய வச்சு மூடாம வேக வச்சு அந்த தண்ணிய கொட்டிடுங்க.

*பங்குனி முதல் ஆனி வரைக்கும்: மாம்பழம், தேளு, ஒகேனக்கல்.* சீசன் சூடு புடிக்கறதுக்கு முன்னாடியே ரோட்டோரம் பளபளனு மஞ்சளா வர்ற பழம் கல்லு வச்சதா இருக்கலாம். கார்பைடு கல்லு வச்சு பழுக்க வைக்கறது சட்டப்படி தடை, 2011 உணவுப் பாதுகாப்பு விதியிலயே இருக்கு, எத்திலீன் வாயு மட்டும் அளவா வைக்கலாம். தோல் முழுசும் ஒரே மஞ்சளா இருந்து காம்புகிட்ட வாசனையே இல்லாம, அறுத்தா உள்ள வெள்ளையா புளிச்சா எனக்கு சந்தேகம்தான், ஆனா பாத்தே அடிச்சு சொல்லிட முடியாது. நான் செங்காயா வாங்கி அரிசி டிரம்ல வைக்கறேன், செந்தூரா நாலஞ்சு நாள்ல பழுத்துடும். காம்பு கிள்ளுனா வழியற பாலு ஒதட்டுல பட்டா புண்ணாயிடும், என் பொண்ணுக்கு ஆச்சு, அதனால காம்ப கிள்ளி கவுத்து வச்சு பாலு வடிஞ்சப்புறம் கழுவிக் குடுங்க.

தேளு வெயில்ல ஓட்டுக்கு கீழ, ஷூவுக்குள்ள எறங்கும், உதறிட்டு போடுங்க. செந்தேளு சின்னப் புள்ளைங்களுக்கு இதயம் வரைக்கும் பாதிக்கும், வெங்காயம் தேச்சுட்டு உக்காராதீங்க, ஆஸ்பத்திரிக்கு போங்க. லீவுக்கு சொந்தக்காரங்க வந்தா ஒகேனக்கல்தான் போவோம். லைஃப் ஜாக்கெட் இல்லாம பரிசல் ஏறாதீங்க, பாறையில பாசி இருக்கும், கர்நாடகாவுல தண்ணி திறந்துட்டா குளிக்க தடை போடுவாங்க, கெளம்பறதுக்கு முன்னாடி அன்னைக்கு நீர்வரத்து எவ்ளோனு நியூஸ் பாத்துட்டு போங்க.

*ஆடி முதல் ஐப்பசி வரைக்கும்: மழை.* இதுலதான் பாம்பு ஜாஸ்தி. நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், சுருட்ட விரியன் கடிச்சா வலி வீக்கம் தெரியும். கட்டுவிரியன் அப்படி இல்ல. ராத்திரி தரையில படுத்திருக்கறவங்கள கடிக்கும், கடிச்ச தடம்கூட தெரியாது, விடியக்காலம் வயிறு வலிக்குது, தொண்ட அடைக்குதுனு எழுந்திருப்பாங்க, கண்ணு இமை தானா மூடும். அஜீரணம்னு சோடா வாங்கிக் குடுத்துட்டு உக்காந்துடக்கூடாது. மழை மாசத்துல தரையில படுக்காதீங்க, கட்டில்ல கொசுவலைய மெத்தைக்கு அடியில சொருகிட்டு படுங்க. வலை 350 ரூபா. ராத்திரி கொல்லைக்கு போனா டார்ச், செருப்பு. கேவுரு, நெல்லு மூட்டைய எலி ஏறாத டிரம்ல கொட்டுங்க.

காளான். மழை பேஞ்ச ரெண்டாம் நாள் புத்து ஓரம் மொளைக்கறத கூடையில கொண்டு வருவாங்க, வாசனை அப்படி இருக்கும். பழகுன ஆளுங்களே ஏமாறுவாங்க, புதுசா வந்த நாம பறிக்கவே வேணாம்னு நான் சொல்லுவேன். வெள்ளிக் காசு கருக்குதா, மஞ்சத்தூள் நிறம் மாறுதா, பூச்சி கடிச்சிருக்கானு பாக்கற டெஸ்ட் எதுவும் வேலைக்கு ஆகாது, வேக வச்சாலும் அந்த விஷம் போகாது. சாப்ட்டு ஆறு மணி நேரம் கழிச்சு வாந்தி பேதி வந்தா அதுதான் ரொம்ப மோசம். ஒரு நாள் தெளிவா இருக்கற மாதிரி இருந்துட்டு மூணாம் நாள் ஈரல் போகும். மிச்ச காளான், கொழம்பு இருந்தா கையோட எடுத்துட்டு போங்க.

இதே மழையிலதான் வேலியில செங்காந்தள் பூக்கும், பாக்க அவ்ளோ அழகு, நம்ம மாநிலப் பூ. அதோட கிழங்கு வள்ளிக்கிழங்கு மாதிரியே இருக்கும், உயிர எடுக்கற விஷம். காட்டாமணக்கு கொட்டைய ஸ்கூல் புள்ளைங்க வேர்க்கடலை மாதிரி உரிச்சு தின்னுட்டு கூட்டமா ஆஸ்பத்திரிக்கு வர்றது எல்லா ஊர்லயும் நடக்கறதுதான். அரளி விதை, ஊமத்தங்காய், குண்டுமணி, ஒடுவந்தழை இதெல்லாம் எது எதுனு உள்ளூர்க்காரங்க ஒருத்தர கூட்டிட்டு வேலி ஓரமா ஒரு நடை போயி புள்ளைங்களுக்கு காட்டுங்க, போட்டோவ பாத்து ஏறாது.

*கார்த்திகை, மார்கழி: குளிர்.* ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் வர்றவங்க இத ரெண்டு தடவ படிங்க. திருச்சிக்காரிக்கு அந்த குளிர் புதுசு, முதல் வருஷம் நானே இரும்பு சட்டியில கரி போட்டு ரூமுக்குள்ள கொண்டு வந்துட்டேன், பக்கத்து வீட்டு அக்கா பாத்துட்டு திட்டி வெளிய எடுத்து வச்சாங்க. மூடுன ரூம்ல கரி எரிஞ்சா கார்பன் மோனாக்சைடு வரும், வாசனை கெடையாது, கலர் கெடையாது, தூக்கத்துலயே ஆள முடிச்சிடும். பாத்ரூம் கேஸ் கீசரும் இதேதான், ஜன்னல் சாத்தி பத்து பதினஞ்சு நிமிஷம் ஓடுனா போதும். வீட்டுல எல்லாருக்கும் ஒரே நேரத்துல தலவலி, கொமட்டல், வெளிய வந்தா சரியாகுதுனா அது சளி இல்ல. கதவ தொறந்து எல்லாரும் வெளிய வாங்க, அப்புறம் 108. ஒரு முக்கியமான விஷயம், விரல்ல மாட்டற ஆக்சிமீட்டர் இதுல 98, 99னு நல்லாவே காட்டும், அத நம்பாதீங்க. கரண்ட் கீசர் எங்களுக்கு 5,800 ஆச்சு, ஓனர் பாதி குடுத்தாரு.

சளிக்கு கைக்குழந்தை மூக்குல தைலம், கற்பூரம் வைக்கறதும் இந்த மாசம்தான். கற்பூரம் உள்ள போனா வலிப்பு வரும்.

5. நடந்துட்டா முதல் பத்து நிமிஷம்

விஷம் குடிச்சிருந்தா: வாயில மிச்சம் இருந்தா தொடச்சு எடுங்க, வாந்தி எடுக்க வைக்காதீங்க. உப்புத்தண்ணி, முட்ட, பாலு, சாணிக் கரைசல் எதுவும் வேணாம், மண்ணெண்ணெய் ஆசிட்ல வாந்தி எடுத்தா நுரையீரலும் தொண்டையும் சேந்து போகும். மருந்து பட்ட துணிய அங்கயே கழட்டுங்க, சோப்பு போட்டு கழுவுங்க. நான் பொண்ணு கவுன கழட்டல, பெரியாஸ்பத்திரி போற வரைக்கும் மருந்து அவ நெஞ்சு மேலயே ஈரமா இருந்துச்சு, நர்ஸம்மா கத்திரியால வெட்டி எடுத்தாங்க. கண்ணுல பட்டா 15 நிமிஷம் ஓடற தண்ணியில கழுவுங்க. மயக்கம்னா எடப்பக்கமா சாச்சு படுக்க வைங்க. டப்பாவ மூடி பிளாஸ்டிக் கவர்ல போட்டு கையோட எடுங்க.

பாம்பு கடிச்சிருந்தா: நடக்க விடாதீங்க, கடிச்ச கை கால ஆட்டாம குச்சி வச்சு துணியால லேசா கட்டுங்க, மோதிரம், மெட்டி, கொலுசு, வளையல் கழட்டிடுங்க, வீங்குனா எறங்காது. இறுக்கிக் கட்டாதீங்க, கீறாதீங்க, உறிஞ்சாதீங்க, வேர் கட்டறேன் மந்திரிக்கறேன்னு ஒருத்தர் வருவாரு, "வந்து பாக்கறோம்"னு சொல்லிட்டு வண்டி ஏறுங்க. பாம்ப அடிச்சு தூக்கிட்டு வர வேணாம், நான் சொன்ன நாலு பாம்புக்கும் ஒரே ஊசி மருந்துதான். அது அரசு ஆஸ்பத்திரியில இலவசம், ஆரம்ப சுகாதார நிலையத்துலயும் முதல் டோஸ் போடறாங்க. போடறதுக்கு முன்னாடி ரத்தத்த ஒரு கண்ணாடி குழாய்ல எடுத்து 20 நிமிஷம் ஆட்டாம வைப்பாங்க, உறையுதானு பாக்க. "ஊசி போடாம சும்மா வச்சிருக்காங்க"னு அங்க போயி சண்ட போடாதீங்க. ஒண்ணும் இல்லேனாலும் ஒரு நாள் பூரா வச்சு பாத்துட்டுத்தான் விடுவாங்க, இருங்க.

எங்க போறதுனு முன்னாடியே முடிவு பண்ணிக்கங்க. தர்மபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு ஊர்லயும் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கு, ஓசூர், பென்னாகரம், அரூர், பாலக்கோட்ல அரசு ஆஸ்பத்திரி. மூச்சு தெணறுதுனா கிட்ட இருக்கறதுல முதல் வைத்தியம் வாங்கிட்டு 108லயே மாறுங்க, இல்லேனா நேரா பெரியாஸ்பத்திரி. எங்களுக்கு நடுவுல போன மூணு மணி நேரம் இப்பவும் உறுத்துது.

6. ஆஸ்பத்திரி பேப்பர்

விஷம், பாம்பு எதுனாலும் ஏஆர்ல (ஆஸ்பத்திரியோட ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர்) பதிவு பண்ணி, எம்எல்சினு, அதாவது சட்டம் சம்பந்தப்பட்ட கேஸ்னு, போலீசுக்கு தகவல் போகும். பயப்படாதீங்க, உங்க மேல கேஸ் இல்ல, ஒரு போலீஸ்காரர் வந்து எழுதிட்டு போவாரு. எங்க ஓனர் தாத்தா நடுங்கிட்டாரு, "தெரியாம ஏதோ குடிச்சிட்டானு மட்டும் சொல்லும்மா"னாரு, பாவமாத்தான் இருந்துச்சு, ஆனா டாக்டர்கிட்ட மறைச்சா வைத்தியம் மாறிப்போகும். என்ன மருந்து, எத்தன மணிக்கு, எவ்ளோ, அப்புறம் நாம என்னத்த குடுத்தோம் (உப்புத்தண்ணி உட்பட) எல்லாத்தையும் உள்ளபடி சொல்லுங்க. தாத்தா மேல ஒண்ணும் வரல.

ஏஆர் நம்பர அன்னைக்கே எழுதி வைங்க. தனியார் இன்சூரன்ஸ், கம்பெனி மெடிக்கல் கிளைம், எதுக்கு போனாலும் முதல்ல கேக்கறது ஏஆர் காப்பியும் டிஸ்சார்ஜ் சம்மரியும்தான். காப்பிக்கு ஒரு வெள்ளைத்தாள்ல மனு, நோயாளி ஆதார் ஜெராக்ஸ், சேத்த தேதி, ஏஆர் நம்பர். எனக்கு நம்பர் தெரியாததால மூணு நடை, பதினோரு நாள். சம்மரியில பேரு, வயசு, இன்ஷியல் ஆதார்ல இருக்கற மாதிரியே இருக்கானு வார்டுலயே பாத்துடுங்க, எங்களுக்கு "பு"வுக்கு பதிலா "மு"னு அடிச்சிருந்தாங்க, அதுக்கு தனியா ஒரு நாள் லீவு. தனியார்ல கட்டுன பில்லு ஒரிஜினல குடுக்கறதுக்கு முன்னாடி ஜெராக்ஸ் எடுங்க, மருந்துக்கட சீட்டு வெயில்ல மறைஞ்சிடும், அதையும் சேத்து.

டிஸ்சார்ஜ்ல ரிவ்யூக்கு ஒரு தேதி போட்டிருப்பாங்க. புள்ள நல்லா ஓடுதேனு நிறைய பேரு போறதில்ல. போங்க, காலையில எட்டு மணிக்கே ஓபி சீட்டு வாங்கிட்டா பத்தரைக்குள்ள முடிஞ்சிடும், சம்மரியோட ஒரிஜினல மறக்காம எடுத்துட்டு போங்க.